ஹார்ட்விக் ஹால்: வெளியே அவ்வளவு கண்ணாடி, உள்ளே ஏன் அவ்வளவு இருட்டு?

மிட்லண்ட்ஸ்_மழை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை குடும்பத்தோடு டெர்பிஷரில் இருக்கிற ஹார்ட்விக் ஹாலுக்குப் போய்வந்தோம். எம்1 நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் குன்றின் உச்சியில் ஆறு கோபுரங்களோடு தெரியும். ஒருநாள் போகணும், ஒருநாள் போகணும் என்று சொல்லிச் சொல்லியே நாலு வருஷம் ஓடிவிட்டது.

பக்கத்தில் போய் நின்றதும் முதலில் பேச்சே வரவில்லை. சுவர் என்று சொல்லவே இடமில்லாமல் சன்னல் சன்னலாக இருக்கிறது. இது 1590-களில் கட்டிய வீடு என்று பலகையில் படித்ததும் நம்புவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஆனால் உள்ளே நுழைந்தால் ஒரே இருட்டு! பாதி சன்னல்களுக்குத் திரை இறக்கியிருக்கிறார்கள். என் பெண் (ஒன்பது வயது) நேராகக் கேட்டாள், "இருட்டாத்தான் வைக்கப்போறாங்கன்னா எதுக்குப்பா இவ்ளோ சன்னல்?" என்னிடம் பதில் இல்லை.

அதோடு இன்னும் சில கேள்விகள். பக்கத்திலேயே, கூப்பிடு தூரத்தில், கூரையில்லாமல் இன்னொரு பெரிய வீடு இடிந்து நிற்கிறது. அதைக் கட்டியவரும் இதைக் கட்டியவரும் ஒரே அம்மாதானாம், அதுவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்! ஏன்? அப்புறம் சன்னல்கள் மேலே போகப் போகப் பெரிதாகின்றன. நம் கண்ணுக்குப் பழகிய கட்டடங்களில் கீழ்த்தளம்தானே உயரமாக இருக்கும்? இந்த ஊர்க் குளிரில் இவ்வளவு கண்ணாடிக்குள் எப்படிக் குடியிருந்தார்கள் என்பதும் புரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெண்ணுக்கும் சொல்லலாம்.

---

கல்தச்சன்_பேரன்:

நல்ல கேள்விகள். நான் கட்டடப் பொறியாளர், அதனால் சன்னலையும் சுவரையும் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

இந்த வீட்டைப் பற்றி அந்த ஊரில் ஒரு பழைய சொலவடையே உண்டு. ஹார்ட்விக் ஹாலில் சுவரைவிடக் கண்ணாடி அதிகம் என்று எதுகையோடு சொல்வார்கள். அந்தக் காலத்தில் கண்ணாடி பெரிய செலவு. இப்போது இருப்பதுபோல் அகலப் பலகையாகக் கிடைக்காது. சின்னச் சின்னச் சில்லுகளாக வெட்டி, ஈயப் பட்டைகளால் ஒன்றோடொன்று கோத்து, அதைக் கல் சட்டத்துக்குள் பொருத்துவார்கள். கண்ணாடி வைத்திருக்கிறேன் என்றாலே காசு வைத்திருக்கிறேன் என்றுதான் அர்த்தம். கட்டிய அம்மாவுக்குச் சொந்தமாகக் கண்ணாடிப் பட்டறை இருந்தது, ஈயமும் சொந்த நிலத்திலிருந்து வந்தது, கல் அதே குன்றின் சரிவிலேயே வெட்டியது. மற்றவர்கள் விலை கேட்டுத் தயங்குகிற இடத்தில் இவர் தயங்கவேண்டியிருக்கவில்லை.

சன்னல் மேலே போகப் போக ஏன் பெரிதாகிறது? ஒவ்வொரு தளத்திலும் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். கீழே வேலையாட்கள், சமையல், சாமான் அறைகள். நடுத்தளத்தில் குடும்பம். மேல்தளம் அரசியையோ அரசவைப் பெரியவர்களையோ வரவேற்பதற்கு. யாருக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு உயரம் அந்தத் தளத்துக்கு, அதற்கேற்ற சன்னல். வெளியே நின்று பார்த்தாலே உள்ளே இருப்பவர்களின் வரிசை தெரிந்துவிடும். இதுதான் இந்த வீட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது, முகப்பே ஒரு வரைபடம் மாதிரி இருக்கிறது.

இவ்வளவு ஓட்டை போட்ட சுவர் எப்படி நிற்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சுவரில் கணப்பு (குளிர்காய நெருப்பு மூட்டும் மாடம்) வைத்தால் புகைபோக்கிக்கு இடம் வேண்டும், சன்னல் குறையும். அதனால் பெரும்பாலான கணப்புகளையும் புகைபோக்கிகளையும் வீட்டுக்குள்ளே ஓடுகிற தடித்த சுவர்களுக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த உள்சுவர்கள்தான் முதுகெலும்பு. ஆறு கோபுரங்களும் சும்மா அழகுக்கு மட்டும் இல்லை, நீளமான முகப்புக்கு முட்டுக்கொடுத்த மாதிரியும் ஆகிறது. இன்னொரு விஷயம், அடுத்தமுறை போனால் பெண்ணுக்குக் காட்டுங்கள்: சில சன்னல்கள் பொய்ச் சன்னல்கள். வெளியே கண்ணாடி இருக்கும், உள்ளே பின்னால் சுவரோ புகைபோக்கியோ இருக்கும். முகப்பின் இடமும் வலமும் ஒத்துப்போகவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்றுதான் எல்லோரும் ஏற்கிறார்கள். கல்தச்சராகத் தொடங்கியவர். லாங்லீட் வீட்டில் வேலை செய்துவிட்டு, நாட்டிங்ஹாமில் வொல்லட்டன் ஹாலைக் (1580–1588) கட்டினார். நீங்கள் அந்தப் பக்கம் இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். வொல்லட்டனில் ஒரு இடம் விடாமல் வேலைப்பாடு செய்தவர், பத்து வருஷம் கழித்து ஹார்ட்விக்கில் ஏறக்குறைய எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டுக் கல்லையும் கண்ணாடியையும் மட்டும் வைத்துக்கொண்டார். அந்த அடக்கம் வர ஒருத்தருக்கு எவ்வளவு அனுபவம் வேண்டும்!

---

ஏடு_புரட்டி:

இரண்டு வீடு கதையை நான் சொல்கிறேன்.

கட்டியவர் எலிசபெத், ஷ்ரூஸ்பரி கோமாட்டி. எல்லோரும் "பெஸ் ஆஃப் ஹார்ட்விக்" என்றே சொல்வார்கள். அந்தக் குன்றில் இருந்த சாதாரணப் பண்ணைவீட்டில் பிறந்தவர். நான்கு திருமணம், நான்கு கணவரும் இவருக்கு முன்பே இறந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் இரண்டாவது கணவர் வில்லியம் கேவண்டிஷ் மூலம். அவரோடு சேர்ந்துதான் 1549-ல், டெர்பிஷரிலேயே இருக்கிற சாட்ஸ்வொர்த் எஸ்டேட்டை வாங்கினார். நான்காவது கணவர் ஆறாவது ஷ்ரூஸ்பரி ஏர்ல் (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்), நாட்டிலேயே பெரும் பணக்காரர்களில் ஒருவர். அந்தத் திருமணம் கடைசியில் ரொம்பக் கசந்துபோய், 1584-ல் சாட்ஸ்வொர்த்தை விட்டுப் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டார். அந்த நிலத்தைத் திவாலாகி இறந்த சகோதரரின் சொத்திலிருந்து முந்தைய ஆண்டுதான் மகன் வில்லியம் பெயரில் 9,500 பவுண்டுக்கு வாங்கியிருந்தார்கள்.

நீங்கள் பார்த்த இடிந்த வீடு அந்தப் பண்ணைவீட்டைச் சுற்றி 1587 முதல் அவர் பெருக்கிப் பெருக்கிக் கட்டியது. கையில் இருக்கிற பணத்துக்குத் தக்கபடி இங்கே ஒரு பக்கம், அங்கே ஒரு பக்கம் என்று வளர்ந்ததால் அது ஒரு ஒழுங்கில்லாமல் இருக்கும். அந்த வேலை முடியவே இல்லை, 1590-ல் பக்கத்தில் புதிய வீட்டுக்கு அடித்தளம். அதே ஆண்டு நவம்பரில் ஏர்ல் இறந்தார். விதவைக்குரிய பங்கு கைக்கு வந்ததும் இங்கிலாந்தில் அரசிக்கு அடுத்தபடி பணக்காரப் பெண் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு யாரையும் கேட்கவேண்டியதில்லை. 1597 அக்டோபரில் புதுவீட்டுக்குக் குடிபோனபோது வயது எழுபதை எட்டியிருந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் வீடுகளில் மனைவியாக இருந்த ஒரு பெண், அந்த வயதில் முதன்முறையாகத் தன் மனதில் இருந்ததை மட்டும் கட்டியிருக்கிறார். கோபுரத்து உச்சிகளில் ஆளுயரத்துக்கு 'ஈ', 'எஸ்' என்ற இரண்டு எழுத்துகளைக் கல்லில் செதுக்கி வானத்தில் நிறுத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே? எலிசபெத் ஷ்ரூஸ்பரி. கட்டுமானக் கணக்குப் புத்தகங்கள் இன்னும் இருக்கின்றன, அவரே பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பழைய வீட்டை உடனே கைவிடவில்லை. இரண்டும் சேர்ந்துதான் ஒரே குடியிருப்பாக இயங்கியது, விருந்தாளிகளும் வேலையாட்களும் அங்கே தங்கினார்கள். கூரையைப் பிரித்து இடித்ததெல்லாம் 18-ம் நூற்றாண்டில். மேலே ஏறிப் பார்த்தீர்களா? கணப்புகளுக்கு மேல் இருந்த சுதைச் சிற்பங்களில் கொஞ்சம் அந்த வெட்டவெளிச் சுவரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புதுவீடு மட்டும் ஏன் அப்படியே தப்பித்தது என்பதற்கு என் பதில்: குடும்பத்துக்கு அது தேவைப்படவில்லை. பெஸ் 1608-ல் இறந்த மறுவருஷமே மகன் வில்லியம் தன் அண்ணனிடமிருந்து சாட்ஸ்வொர்த்தை வாங்கிவிட்டார். அவர் வழியினர் டெவன்ஷயர் டியூக் (ஏர்லைவிட உயர்ந்த பட்டம்) ஆனார்கள், 1687 முதல் சாட்ஸ்வொர்த்தை அந்தக் காலத்து ருசிக்கு இடித்துக் கட்டினார்கள். ஹார்ட்விக் இரண்டாம் வீடாக ஒதுங்கிவிட்டது. ஒதுங்கியதால் பிழைத்தது.

---

வைகறை:

ஸ்காட்லாந்து அரசி மேரியை இங்கேதானே சிறை வைத்திருந்தார்கள்? அவர் பெயரில் ஒரு அறைகூட இருக்கிறது, நான் படம் எடுத்திருக்கிறேன்.

---

ஏடு_புரட்டி:

அப்படித்தான் ரொம்ப காலமாகச் சொல்லிவந்தார்கள், வைகறை, ஆனால் தேதி இடிக்கிறது. மேரிக்கு மரண தண்டனை நிறைவேற்றியது 1587 பிப்ரவரியில். இந்த வீட்டுக்கு அடித்தளம் போட்டதே 1590. ஆனால் கதை சும்மா முளைக்கவில்லை. 1569 முதல் 1584 வரை மேரியைக் காவலில் வைத்திருந்தவர் பெஸ்ஸின் கணவரான அதே ஏர்ல்தான். டட்பரி, ஷெஃபீல்டு, சாட்ஸ்வொர்த் என்று இடம் மாறி மாறி வைத்திருந்தார்கள். முதல் சில வருஷங்கள் மேரியும் பெஸ்ஸும் சேர்ந்து உட்கார்ந்து தையல் வேலை செய்திருக்கிறார்கள். அந்த அறையில் கதவுக்கு மேலே மேரியின் சின்னம் இருக்கிறது, பிற்காலத்து வழிகாட்டிகள் அதை வைத்துக் கதை கட்டிவிட்டார்கள்.

உண்மையிலேயே அந்த வீட்டில் அடைபட்டுத் தவித்தவர் பெஸ்ஸின் பேத்தி ஆர்பெல்லா ஸ்டூவர்ட். அரியணைக்கு உரிமை கோரக்கூடிய ரத்தம். அதனால்தான் மேல்தளம் அவ்வளவு பெரிதாக, கணப்புக்கு மேல் அரசு முத்திரையோடு தயாரானது என்று பலர் நினைக்கிறார்கள். எலிசபெத் அரசி ஒருமுறைகூட வரவில்லை. ஆர்பெல்லா 1603 வாக்கில் பாட்டியிடமிருந்து தப்பிக்கப் பார்த்தார். கடைசியில் 1615-ல் லண்டன் டவரில் இறந்தார். அந்த நீண்ட கூடத்தில் நடக்கும்போது எனக்கு அந்தப் பெண் ஞாபகம்தான் வரும்.

---

தறிக்காரி:

உங்கள் பெண்ணின் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லையே! நான் பழைய துணிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன் (வேறு இடத்தில், ஹார்ட்விக்கில் இல்லை), அதனால் இருட்டுக்கு நான் பொறுப்பு.

அந்த வீட்டின் பெரிய செல்வம் துணி. சுமார் 50 மீட்டர் நீளமுள்ள நீண்ட கூடத்தின் சுவரை மறைத்துத் தொங்குகிற கிதியோன் (பைபிளில் வரும் வீரர்) கதையைச் சித்திரமாக நெய்த திரைகள் மொத்தம் 13. கிட்டத்தட்ட 6 மீட்டர் உயரம். பெஸ் இவற்றைப் புதிதாக நெய்யச் சொல்லவில்லை. அரசியின் மந்திரியாக இருந்த கிறிஸ்டஃபர் ஹாட்டன் 1591-ல் கடனோடு இறந்ததும் வாரிசிடமிருந்து 1592-ல் சுமார் 326 பவுண்டுக்கு வாங்கினார். அதிலும் ஹாட்டனின் குலச்சின்னத்தை மறைக்கும் செலவுக்கு என்று 5 பவுண்டு குறைத்துக்கொண்டார்! சின்னத்தின் மேல் தன் சின்னத்தைத் தீட்டிய துணியை வைத்துத் தைத்தார்கள். ஹாட்டனின் பெண்மானுக்குக் கொம்பு சேர்த்ததும் அது கேவண்டிஷ் குடும்பத்துக் கலைமான் ஆகிவிட்டது.

கம்பளியும் பட்டும் சாயமும் வெளிச்சத்தில் சாகும். வெயில் பட்ட இடத்தில் முதலில் நிறம் போகும், மஞ்சள் முதலில் போவதால் பச்சை மரமெல்லாம் நீலமாகிவிடும் (திரும்பப் போனால் திரைகளில் இலைகளின் நிறத்தைப் பாருங்கள், புரியும்). அப்புறம் இழையே இற்று, தொட்டால் பொடியாக உதிரும். போன உயிர் திரும்பாது, சாயம் போனால் போனதுதான். அதனால் பழைய துணி இருக்கும் அறையில் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்துக்கு மேல் விடக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பொதுவான அளவு. வெயில் நாளில் வெளியே பல்லாயிரம் லக்ஸ் இருக்கும். அந்த அளவு சன்னல் உள்ள வீட்டில் திரை இறக்காமல் எப்படி? பாப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: சன்னல் அந்தப் பாட்டி பார்ப்பதற்கு, இருட்டு உன் பேத்தி பார்ப்பதற்கு.

ஏடு_புரட்டி சொன்னதில் ஒரு இடம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. ஒதுங்கியதால் பிழைத்தது என்கிறீர்கள். கல்லுக்கு அது சரியாக இருக்கலாம். துணியைக் கவனிக்காமல் விட்டால் பூச்சியும் ஈரமும் முப்பது வருஷத்தில் முடித்துவிடும், நானூறு வருஷமெல்லாம் தாங்காது. 1601-ல் பெஸ் தன் உயிலுக்காக வீட்டில் இருந்த ஒவ்வொரு பொருளையும் அறை அறையாகப் பட்டியல் போட்டு, இவை இந்த வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கட்டளையிட்டுவிட்டுப் போனார். பிறகு தலைமுறை தலைமுறையாக யாரோ ஊசி பிடித்திருக்கிறார்கள். ஒன்பதாவது டியூக்கின் மனைவி ஈவ்லின், கணவர் 1938-ல் இறந்தபின் அங்கேயே குடியிருந்து, தன் கையாலேயே கிழிசல்களைத் தைத்தார். அந்த வீட்டில் கடைசியாக வாழ்ந்தவரும் அவர்தான். அதற்கப்புறம் பொறுப்பு நேஷனல் டிரஸ்ட் (பழைய வீடுகளைப் பாதுகாக்கும் அறக்கட்டளை) கையில். கிதியோன் திரைகள் பதின்மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுத்தம் செய்து தைத்து முடிக்க 24 வருஷம் ஆனது, 2023-ல்தான் கடைசித் திரை மேலே ஏறியது. ஒரு வேலையில் பயிற்சியாளராகச் சேர்ந்து தலைமுடி நரைக்கிற காலம் அது. ஒதுங்கியிருந்ததால் தப்பியது என்று சொல்லும்போது இவர்கள் எல்லோரும் காணாமல் போய்விடுகிறார்கள், அதுதான் என் வருத்தம்.

குளிருக்கு வருகிறேன். அதே 1601 பட்டியலில் பெஸ்ஸின் படுக்கையறைச் சாமான்களைப் படித்தால் அவர் எப்படிக் குளிர் தாங்கினார் என்று தெரியும். கட்டிலுக்குத் தடித்த திரைகள், அடுக்கடுக்காகக் கம்பளிப் போர்வைகள், அதற்கு மேல் சன்னலுக்கு முன்னால் தொங்கவிட ஒரு விரிப்பு, கதவுக்கு முன்னால் தொங்கவிட ஒரு விரிப்பு! அவரே சன்னலை மூடித்தான் தூங்கியிருக்கிறார். தரையில் கோரைப்பாய், சுவரில் சுவர்த்திரை. பெரிய கூடங்கள் விருந்துக்கும் நடைக்கும்தான், குளிர்காலத்தில் சின்ன அறையில் கணப்பு பக்கத்தில் ஒடுங்கிக்கொள்வார்கள்.

---

ஏடு_புரட்டி:

தறிக்காரி அக்கா, ஒப்புக்கொள்கிறேன். கட்டடத்தை மட்டும் மனதில் வைத்து எழுதிவிட்டேன். பெஸ் சர்ச் அங்கிகளை வெட்டித் தைத்த ஐந்து வீரப் பெண்களின் துணிச் சித்திரங்களும் (பெனலோப்பி, லுக்ரீஷியா, செனோபியா, ஆர்டிமிசியா, கிளியோபாட்ரா) நினைவுக்கு வருகின்றன. அவற்றில் இருக்கும் பட்டு அதற்கும் முந்தைய காலத்தது.

---

மிட்லண்ட்ஸ்_மழை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பெண்ணிடம் படித்துக் காட்டினேன், மானுக்குக் கொம்பு முளைத்த கதையை மூன்று தடவை சொல்லச் சொன்னாள்.

ஒரு கடைசிக் கேள்வி. அந்தச் சொந்தக்காரக் குடும்பம் ஏன் இதைக் கொடுத்தது? இப்போது பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்கிறார்களே, அப்படியென்றால் ஒரு நல்ல ஹீட்டரோ இரட்டைக் கண்ணாடியோ போட்டுக்கொள்ள முடியாதா?

---

கல்தச்சன்_பேரன்:

கொடுத்தது வரிக்காக. பத்தாவது டியூக் வாரிசு வரியைத் தவிர்க்கச் சொத்தை முன்கூட்டியே மாற்றி எழுதினார். அவர் ஐந்து வருஷம் உயிரோடு இருந்திருந்தால் அது செல்லும். சில மாதங்களே பாக்கி இருக்கும்போது 1950 நவம்பரில், 55 வயதில், திடீரென்று இறந்துவிட்டார். வரி 80 சதவீதம். சாட்ஸ்வொர்த்தைக் காப்பாற்ற மற்றதை விட்டுக்கொடுக்கவேண்டியதாயிற்று. வரிக்கு ஈடாக 1956-ல் ஹார்ட்விக் கருவூலத்துக்குப் போய், அங்கிருந்து 1959-ல் நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தது.

இங்கிலாந்தில் பட்டியலிட்ட கட்டடங்களில் மூன்று தரம்: முதல் தரம், நட்சத்திரக் குறியிட்ட இரண்டாம் தரம், இரண்டாம் தரம். ஹார்ட்விக் முதல் தரம். அந்தத் தரத்தில் இருப்பவை மொத்தத்தில் சுமார் 2.5 சதவீதம்தான். இடிந்து நிற்கிற பழைய வீடும் முதல் தரமே, அதோடு தொல்சின்னமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. வெளிமுகப்பு மட்டும்தான் பாதுகாப்பு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது தவறு. உள்ளே இருக்கும் படி, கதவு, சுதை, தரை எல்லாம் சேர்த்தி. அனுமதியில்லாமல் மாற்றினால் குற்ற வழக்கு.

இரட்டைக் கண்ணாடிக்கு வாய்ப்பே இல்லை. அந்த ஈயக் கட்டத்தில் ஒவ்வொரு சில்லும் ஒரு சின்னக் கோணத்தில் திரும்பி நிற்பதால்தான் முகப்பு அப்படி மின்னுகிறது, தட்டையான புதுக் கண்ணாடி போட்டால் செத்துவிடும். ஈயம் தொய்ந்தால் அந்தச் சட்டத்தைக் கழற்றி, பழைய சில்லையே வைத்துப் புது ஈயத்தில் கோத்து மாட்டுவார்கள். கல்லும் அப்படித்தான். அது மணற்கல், மழையிலும் நிலக்கரிப் புகையிலும் அரித்துப்போன கற்களை எடுத்துவிட்டுப் புதிதாகச் செதுக்கி வைக்கிறார்கள். அதற்கென்று அந்த எஸ்டேட்டிலேயே கல்தச்சர் பட்டறை உண்டு. ஹீட்டர் விஷயத்தில், டிரஸ்ட்டின் இதுபோன்ற வீடுகளில் சூடு பண்ணுவதே ஆளுக்காக இல்லை, காற்றில் ஈரம் ஏறாமல் பொருட்களைக் காப்பதற்குத்தான். நீங்கள் நடுங்கினாலும் திரைச்சீலைக்கு அது சரியான அளவு. ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

முகப்பு மேற்குப் பார்த்தது. நுழைவு முடிகிற நேரத்தைப் பார்த்து, வீட்டை முதலில் சுற்றிவிட்டு, சாயங்காலம் வெளியே முற்றத்துப் புல்லில் வந்து நில்லுங்கள். வெயில் சாயும்போது அந்தச் சில்லுகள் அத்தனையும் ஒரே சமயத்தில் பற்றிக்கொள்ளும். பெண்ணை அப்போது சன்னல் எண்ணச் சொல்லுங்கள்.

---

மிட்லண்ட்ஸ்_மழை எழுதியது:

அடுத்த மாதம் போகிறோம். பொய்ச் சன்னலைத் தானே கண்டுபிடிப்பேன் என்று பந்தயம் கட்டியிருக்கிறாள்.